பட்டனில் லைட் எரிகிறது, பின்கண்ணாடி தெளியவில்லை: டிஃபாகர் பழுதைக் கண்டுபிடிக்கும் வழி

"அண்ணே, பட்டன்ல லைட் எரியுது, கண்ணாடி மட்டும் தெளியவே மாட்டேங்குது." குன்னூரில் கார் எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கும் எனக்கு ஐப்பசி மழை தொடங்கியதும் வரும் புகார்களில் இது முதல் வரிசையில் இருக்கும். சமவெளியில் ஓட்டுபவர்களுக்கு அந்தப் பட்டன் எதற்கென்றே தெரியாமல் வருடங்கள் போய்விடும். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டர் சொச்சம், குன்னூர் 1,800 மீட்டருக்கு மேல். ஒரு மணி நேரத்தில் அவ்வளவு ஏறும்போது கண்ணாடி குளிர்ந்துவிடும். உள்ளே ஐந்து பேரின் மூச்சு, நனைந்த குடை, ஈரக் கால்மிதி. வழியில் இருக்கும் பர்லியார் தாண்டும்போது பின்கண்ணாடி பால் பூசியதுபோல் ஆகிவிடும். பின்னால் பஸ் வருவது தெரியாமல் கொண்டை ஊசி வளைவில் திரும்புவது விளையாட்டில்லை. அதனால்தான் இந்தச் சின்னப் பட்டனை நான் பிரேக் லைட்டுக்குச் சமமாக வைத்துப் பார்க்கிறேன்.

ஒன்றை முதலிலேயே பிரித்துக்கொள்ளுங்கள். டிஃபாகர் என்பது பின்கண்ணாடியைச் சூடாக்கும் அமைப்பு. அது நீக்குவது கண்ணாடியின் மேல் படிந்த நீராவியை. வெளியே சாலையில் நிற்கும் மூடுபனிக்கு அது எதுவும் செய்யாது. விரலால் கண்ணாடியின் உட்புறத்தில் ஒரு கோடு இழுங்கள். கோடு தெளிவாகத் தெரிந்தால் படிவு உள்ளே இருக்கிறது, டிஃபாகர் அதைத் தீர்க்க வேண்டும். கோடு விழவில்லை என்றால் வெளிப்பக்கம் துடையுங்கள், அல்லது மெதுவாக ஓட்டுங்கள்.

கண்ணாடியில் தெரியும் அந்தப் பழுப்புக் கோடுகள் ஒட்டிய கம்பிகள் இல்லை. வெள்ளியும் கண்ணாடித் தூளும் கலந்த பசையைக் கண்ணாடியின் உட்புறத்தில் அச்சிட்டு, கண்ணாடியைப் பதப்படுத்தும் சூட்டிலேயே அதையும் சுட்டு இறுக்கியிருப்பார்கள். இடது, வலது ஓரங்களில் மேலிருந்து கீழாக ஓடும் இரண்டு தடித்த பட்டைகள். ஒன்றுக்கு பாசிட்டிவ், மற்றதற்கு எர்த்து, அதாவது கரன்ட் வண்டி உடம்பு வழியாக பேட்டரிக்குத் திரும்பும் வழி. நடுவில் குறுக்கே ஓடும் கோடுகள் எல்லாம் இந்த இரண்டுக்கும் இடையே தனித்தனிப் பாலங்கள். ஒரு கோடு அறுந்தால் அந்த ஒன்று மட்டும் குளிர்ந்திருக்கும், மற்றவை வேலை செய்யும். எல்லாமே செத்திருந்தால் பழுது பெரும்பாலும் கோடுகளில் இருக்காது, கரன்ட் வந்து போகும் வழியில் இருக்கும். இந்த ஒரு விஷயம் மனதில் நின்றுவிட்டால் பாதி வேலை முடிந்தது. "கண்ணாடியே மாற்றணும்" என்று யாராவது சொன்னால், எல்லாக் கோடும் ஒரே நாளில் எப்படி அறும் என்று கேளுங்கள்.

ஒரு ஹேட்ச்பேக் காரின் டிஃபாகர் ஏறக்குறைய 10 முதல் 15 ஆம்பியர் இழுக்கும். பெரிய வண்டிகளில் 20 ஆம்பியருக்கு மேலும் போகும். 13 வோல்ட்டில் 14 ஆம்பியர் என்றால் 180 வாட் சூடு. ஹெட்லைட் பல்புகள் இரண்டும் சேர்ந்து எடுப்பதைவிட அதிகம். இவ்வளவு கரன்ட் ஓடும் பாதையில் லேசாகத் துரு ஏறிய கப்ளர்கூட (ஒயர்களை இணைக்கும் பிளக்) மொத்தச் சூட்டையும் கெடுத்துவிடும்.

தேவையான சாமான்: ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், 21 வாட் பல்ப் போட்ட டெஸ்ட் லேம்ப், சமையலறை அலுமினியத் தாளில் ஒரு துண்டு, ட்ரிம் (உட்புறப் பிளாஸ்டிக் மூடி) கழற்ற பிளாஸ்டிக் நெம்பி. மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வையுங்கள். ஆம்பியர் துளையில் ஒயரைச் செருகி டிஃபாகர் கரன்டை அளக்கப் போகாதீர்கள். சாதாரண மீட்டரின் 10 ஆம்பியர் ஃபியூஸ் அங்கேயே போய்விடும். கரன்ட் பார்க்கத்தான் வேண்டுமென்றால் டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டர் வேண்டும். வீட்டு வேலைக்கு வாங்கிய ஏசி கிளாம்ப் இதற்கு உதவாது.

முதலில் கருவி எதுவும் இல்லாமல் ஒரு சோதனை. இன்ஜினை ஓட விடுங்கள், ஏனென்றால் பல வண்டிகளில் இன்ஜின் ஓடாமல் டிஃபாகர் வேலை செய்யாது. பட்டனை அழுத்திவிட்டு ஹெட்லைட் வெளிச்சத்தையும் இன்ஜின் ஐடிலையும் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது ஓடும் வேகம்) கவனியுங்கள். 180 வாட் ஏறினால் வெளிச்சம் ஒரு கணம் லேசாகக் குறையும், ஐடில் சற்றே தாழ்ந்து திரும்பும். அந்த அசைவு இருந்தால் கண்ணாடி வரை கரன்ட் போகிறது என்று கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம். பிறகு பின் சீட்டில் உட்கார்ந்து கண்ணாடியில் நன்றாக மூச்சு விடுங்கள். குளிர்காலக் காலை நேரம் இதற்கு மிகவும் வசதி. இரண்டு மூன்று நிமிடத்தில் எந்தக் கோட்டை ஒட்டித் தெளிகிறது, எது அப்படியே மங்கி நிற்கிறது என்று கண்ணாடியே காட்டிவிடும். மங்கிய கோடுகளுக்கு நேராக வெளிப்புறத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி வையுங்கள்.

இங்கே எல்லாரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. டிஃபாகருக்கு டைமர் இருக்கிறது. பல வண்டிகளில் 10 முதல் 15 நிமிடத்தில் தானாக அணைந்துவிடும். நீங்கள் ட்ரிம்மைக் கழற்றி மீட்டரை எடுத்து வருவதற்குள் அணைந்திருந்தால், நல்ல வண்டியில்கூட 0 வோல்ட் காட்டும். ஒவ்வொரு அளவுக்கும் முன்னால் பட்டன் லைட்டைப் பாருங்கள். அந்த லைட்டுக்கும் ஒரு எல்லை இருக்கிறது. டிஃபாகருக்கு ஆர்டர் போயிருக்கிறது என்பதை மட்டும்தான் அது சொல்லும். கண்ணாடிக்குக் கரன்ட் போய்ச் சேர்ந்ததா என்பது அதற்குத் தெரியாது.

மொத்தமும் சூடாகவில்லை என்றால் பலர் நேராக ஃபியூஸ் பெட்டிக்குப் போவார்கள். நான் கண்ணாடியிலிருந்துதான் தொடங்குவேன். மீட்டரின் கறுப்பு முனையை வண்டி உடம்பில் பெயின்ட் இல்லாத நல்ல போல்ட்டில் வையுங்கள். டிக்கி கதவில் வைக்க வேண்டாம், அந்தக் கதவின் எர்த்தே சந்தேகத்துக்குரியது. டிஃபாகர் ஓடும்போது சிவப்பு முனையை இரண்டு ஓரப் பட்டைகளிலும் மாறி மாறி வையுங்கள். இரண்டு பக்கமும் 0 என்றால் பாசிட்டிவ் வரவில்லை. இரண்டு பக்கமும் 12, 13 என்று முழு வோல்ட்டேஜ் காட்டினால் பாசிட்டிவ் நன்றாக வருகிறது, எர்த்து அறுந்திருக்கிறது. கரன்ட் வெளியேற வழியில்லாததால் கண்ணாடி முழுக்க ஒரே வோல்ட்டேஜில் நிற்கிறது. ஒரு பக்கம் முழு வோல்ட்டேஜ், மறுபக்கம் 0, ஆனாலும் சூடே இல்லை என்பது அபூர்வம். அப்படி வந்தால் முனை பட்டையைத் தொட்டதா, ஒயர் டெர்மினலைத் தொட்டதா என்று பாருங்கள். டெர்மினலில் 13 இருந்து, ஒரு சென்டிமீட்டர் தள்ளிப் பட்டையில் 0 இருந்தால், டெர்மினல் கண்ணாடியிலிருந்து பெயர்ந்து சும்மா ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

எர்த்து அறுந்ததை நான் அடிக்கடி பார்க்கிறேன், பாசிட்டிவ் அறுந்ததையும் அதே அளவுக்குப் பார்க்கிறேன். ஹேட்ச்பேக்கிலும் எஸ்யூவியிலும் இரண்டும் அறுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். டிக்கி கதவைத் திறந்தால் மேலே கீல் பக்கத்தில் வண்டி உடம்பிலிருந்து கதவுக்குப் போகும் கறுப்பு ரப்பர் குழாய் தெரியும். டிஃபாகர், பின் வைப்பர், நம்பர் பிளேட் லைட், டிக்கி லாக் எல்லாவற்றின் ஒயரும் அதற்குள் போகின்றன. கதவைத் திறந்து மூடும் ஒவ்வொரு தடவையும் அவை மடங்குகின்றன. டாக்ஸியாக ஓடும் வண்டிகளில் லக்கேஜ் ஏற்றி இறக்கியே சில வருடங்களில் உள்ளே செம்பு அறுந்துவிடும். மேலுறை சில சமயம் முழுசாக இருக்கும், அதனால் கண்ணுக்குத் தெரியாது. டிஃபாகரோடு வைப்பரோ நம்பர் பிளேட் லைட்டோ சேர்ந்து கோளாறு செய்தால் யோசிக்கவே வேண்டாம், இங்கேதான்.

ரப்பரை இரண்டு முனையிலும் துளையிலிருந்து விடுவித்து நகர்த்துங்கள். ஒவ்வொரு ஒயரையும் தனியாகப் பிடித்து மெல்ல இழுங்கள். நல்ல ஒயர் விறைப்பாக நிற்கும். செம்பு அறுந்த ஒயர் ரப்பர் பேண்டாக நீளும். டிஃபாகருக்குப் போகும் இரண்டும் மற்றவற்றைவிடத் தடிமனாக இருப்பதால் அடையாளம் காண்பது சுலபம். கையால் பிடிபடவில்லை என்றால் மீட்டரைக் கண்ணாடிப் பட்டைகளில் மாட்டிவிட்டு, வேறொருவரைக் கதவை மெதுவாக ஏற்றி இறக்கச் சொல்லுங்கள். அளவு துள்ளினால் தீர்ந்தது.

இதைச் சரிசெய்யும் விதத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு. அறுந்த இடத்தில் முறுக்கி டேப் சுற்றினால் அந்த மழைக்காலம் தாங்கும், அடுத்தது தாங்காது. மடங்கும் இடத்தில் இணைப்பே இருக்கக் கூடாது. மடிப்புக்கு இரண்டு பக்கமும் தள்ளி வெட்டி, இடையில் புது ஒயர்த் துண்டு போடுங்கள். 2.5 சதுர மில்லிமீட்டர், மெல்லிய இழைகள் நிறைந்த ஆட்டோ ஒயர் வாங்குங்கள். வீட்டு ஒயரிங்கில் மிஞ்சிய ஒயர் மடங்கி மடங்கிச் சீக்கிரம் அறுந்துவிடும். இரண்டு முனைகளையும் சால்டர் செய்து (ஈயம் வைத்துப் பற்றவைத்து), சூடு காட்டினால் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடுங்கள். பல ஒயர்கள் அறுந்திருந்தால் இணைப்புகளை முன்னே பின்னே தள்ளி வையுங்கள். எல்லா முடிச்சும் ஒரே இடத்தில் வந்தால் ரப்பர் துளைக்குள் நுழையாது, நுழைந்தாலும் நசுங்கும். கடைசியில் ரப்பரின் உதடு சரியாக உட்கார்ந்ததா என்று விரலால் சுற்றித் தடவிப் பாருங்கள். மலையில் அந்த இடுக்கு வழியாகத் தண்ணீர் இறங்கினால் டிக்கி லாக் வரை துருப்பிடிக்கும்.

செடான் காரில் கண்ணாடி அசைவதில்லை, அதனால் இந்தத் தொல்லை இல்லை. அங்கே கண்ணாடியின் ஓரத்தை மூடியிருக்கும் ட்ரிம்முக்குப் பின்னால் டெர்மினலையும் எர்த்து போல்ட்டையும் பாருங்கள்.

கண்ணாடி வரை பாசிட்டிவ் வரவில்லை, ரப்பர் குழாயிலும் குறையில்லை என்றால் இப்போது ஃபியூஸ், ரிலே. ரிலே என்பது பட்டனின் ஆர்டரில் பெரிய கரன்டைத் திறந்து மூடும் சின்ன சுவிட்ச். ஃபியூஸைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதைவிட, டெஸ்ட் லேம்பின் ஒரு முனையை எர்த்தில் மாட்டி, மறு முனையை அதன் தலையில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளிலும் ஒவ்வொன்றாக வையுங்கள். இரண்டிலும் எரிய வேண்டும். ஃபியூஸ் போயிருந்தால் கண்ணாடியைக் குறை சொல்லாதீர்கள். கோடு அறுந்தால் கரன்ட் குறையும், கூடாது. ஃபியூஸ் போனதென்றால் பெரும்பாலும் எங்கோ ஒயர் உரசி உடம்பைத் தொடுகிறது. மறுபடியும் அந்த ரப்பர் குழாய்க்கே போங்கள். 30 ஆம்பியர் இடத்தில் 40 போட்டு ஓட்டுவது வண்டியைத் தீக்குக் கொடுக்கும் வேலை. ஃபியூஸ் காலும் அது உட்காரும் இடமும் பழுப்பாகிப் பிளாஸ்டிக் உருகியிருந்தால் அங்கே பிடிப்பு தளர்ந்து சூடேறியிருக்கிறது. புது ஃபியூஸ் போட்டாலும் தீராது, அந்த டெர்மினலை மாற்ற வேண்டும்.

ரிலேயில் 'டிக்' சத்தம் வருகிறதா என்று கை வைத்துப் பாருங்கள். அதே எண் போட்ட ரிலே பக்கத்தில் ஹார்னுக்கோ ஃபேனுக்கோ இருக்கும், மாற்றிப் போட்டுப் பாருங்கள். அதிலும் பிடிபடவில்லை என்றால் ரிலேயைக் கழற்றிவிட்டு, 30, 87 என்று எண் போட்ட இரண்டு துளைகளை வழியில் 20 ஆம்பியர் ஃபியூஸ் வைத்த ஒயரால் இணையுங்கள். கண்ணாடி சூடானால் ரிலேயோ அதை இயக்கும் பக்கமோ கெட்டிருக்கிறது. புது வண்டிகளில் ரிலேக்கு ஆர்டர் கொடுப்பது பாடி கம்ப்யூட்டர். அங்கே டெஸ்ட் லேம்ப் வைத்துக் குத்த வேண்டாம், அந்தக் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் இருப்பவரிடம் கொடுங்கள்.

சில வண்டிகள் நடுவில் மாட்டிக்கொள்ளும். சூடாகிறது, ஆனால் கால் மணி நேரம் ஆனாலும் தெளிவதில்லை. இதைக் கண்டுபிடிக்கச் சும்மா வோல்ட்டேஜ் பார்த்தால் போதாது, லோடு ஓடும்போது, அதாவது டிஃபாகர் கரன்ட் இழுக்கும்போது, பார்க்க வேண்டும். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க பேட்டரியில் 14 வோல்ட் இருக்கிறது என்று வையுங்கள். கண்ணாடியின் இரண்டு பட்டைகளுக்கும் நடுவே 13 இருந்தால் பரவாயில்லை. 11 இருந்தால் வழியில் 3 வோல்ட் காணாமல் போகிறது. வோல்ட்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்பச் சூடு குறையும் என்பதால் ஏறக்குறைய 40 சதவீதச் சூடு போய்விட்டது. எங்கே போகிறது என்று கண்டுபிடிக்க, ஒரு முனையை பேட்டரி பாசிட்டிவிலும் மறு முனையை கண்ணாடியின் பாசிட்டிவ் டெர்மினலிலும் வையுங்கள். பிறகு எர்த்துப் பக்கமும் அப்படியே, பேட்டரி நெகட்டிவிலும் கண்ணாடியின் எர்த்து டெர்மினலிலும். எந்தப் பக்கம் அதிக வோல்ட் காட்டுகிறதோ அந்தப் பக்கத்தில் கப்ளரையும் போல்ட்டையும் ஒவ்வொன்றாகத் தாண்டித் தாண்டி அளங்கள். என் அனுபவத்தில் எர்த்து போல்ட்டைக் கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்கினால் பல வண்டிகள் உயிர் பெற்றுவிடும்.

இனி ஒன்றிரண்டு கோடுகள் மட்டும் செத்த வண்டிகள். இங்கே ஓம் மீட்டரை நம்பாதீர்கள். அறுந்த கோட்டின் இரு முனையிலும் வைத்தாலும் மற்ற கோடுகள் வழியாகச் சுற்றிப்போய் 1 ஓம் என்றுதான் காட்டும், கோடு நல்லது என்று நினைத்துவிடுவீர்கள். வோல்ட்டேஜ்தான் உண்மை சொல்லும். கூர்முனை வெள்ளியைக் கீறிவிடும் என்பதால் சிவப்பு முனையில் அலுமினியத் தாளைச் சுற்றி, விரலால் கோட்டின் மேல் மெத்தென்று அழுத்துங்கள். கறுப்பு முனை எர்த்துப் பட்டையில். நல்ல கோட்டின் சரி நடுவில் ஏறக்குறைய பாதி, அதாவது 6 வோல்ட் காட்டும். அறுந்த கோட்டின் நடுவில் 12 காட்டினால் உங்கள் விரலுக்கும் எர்த்துப் பக்கத்துக்கும் இடையில் அறுந்திருக்கிறது. 0 காட்டினால் விரலுக்கும் பாசிட்டிவ் பக்கத்துக்கும் இடையில். அந்தப் பக்கமாக விரலை மெதுவாக நகர்த்துங்கள். 12 சட்டென்று 0 ஆகும், அல்லது 0 சட்டென்று 12 ஆகும். அந்தப் புள்ளிதான் அறுந்த இடம். கண்ணுக்கு ஒரு மயிரிழை கீறல்கூடத் தெரியாமல் இருக்கலாம், வெளிப்புறத்தில் டேப் ஒட்டி அடையாளம் வையுங்கள். எந்த நிலையிலும் வோல்ட்டேஜே காட்டாத கோடுகள் மேலே சில இருந்தால் பதற வேண்டாம். சில வண்டிகளில் அவை ரேடியோ ஆன்டெனா.

அடைக்க வெள்ளித் துகள் கலந்த, கரன்ட் கடத்தும் பெயின்ட் வேண்டும். டிஃபாகர் ரிப்பேர் கிட் என்று ஆன்லைனில் கிடைக்கிறது. பட்டனை அணைத்து, கண்ணாடி குளிர்ந்ததும், ஐசோபுரொபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் அந்த இடத்தைத் துடையுங்கள். கோட்டின் அகலத்தை மட்டும் விட்டு மேலும் கீழும் டேப் ஒட்டுங்கள். அறுந்த இடத்துக்கு இரண்டு பக்கமும் கால் அங்குலம் நல்ல கோட்டின் மேலும் ஏறும்படி மெல்லிய பூச்சு. காய்ந்ததும் இன்னொன்று, தேவைப்பட்டால் மூன்றாவது. ஒரே தடவையில் தடிமனாக அப்பினால் மேலே காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும். முழுக்க இறுகுவதற்குள் டேப்பை உரியுங்கள், இல்லையென்றால் பெயின்டும் சேர்ந்து வரும். 24 மணி நேரம் டிஃபாகரைத் தொடாதீர்கள். எங்கள் ஊர் ஈரத்தில் நான் ஹேர் டிரையரைத் தள்ளிப் பிடித்து லேசாகச் சூடு காட்டுவேன். அறுந்த நீளம் 2 அங்குலத்துக்கு மேல் போனால் பெயின்டில் சரிவராது.

பூசியபின் ஒரு அளவு கட்டாயம். 120 சென்டிமீட்டர் கோட்டில் 12 வோல்ட் என்றால் ஒரு சென்டிமீட்டருக்கு 0.1 வோல்ட். ஒரு சென்டிமீட்டர் ஒட்டின் இரு பக்கமும் மீட்டர் வைத்தால் 0.1 அளவில்தான் காட்ட வேண்டும். 1 வோல்ட் காட்டினால் பெயின்ட் சரியாகக் கடத்தவில்லை, அந்த இடம் மட்டும் சூடேறி மறுபடியும் பெயரும். இன்னொரு பூச்சு கொடுங்கள். ஒட்டு சரியாக இருந்தும் கோடு சூடாகவில்லை என்றால் அதே கோட்டில் இன்னொரு இடத்திலும் அறுந்திருக்கிறது, திரும்பவும் தேடுங்கள்.

பெயர்ந்த டெர்மினலை சூப்பர் க்ளூ போட்டு ஒட்டிக் கொண்டுவருகிறார்கள். அந்தப் பசை கரன்டைக் கடத்தாது, அடியில் இருக்கும் வெள்ளியையும் மூடிவிடும், பிறகு சுரண்டி எடுப்பது பெரிய பாடு. சாதாரண ஈயமும் வேண்டாம், அது கண்ணாடியிலிருக்கும் வெள்ளியைக் கரைத்து இழுத்துக்கொள்ளும். 2 சதவீதம் வெள்ளி கலந்த சால்டர் வாங்குங்கள். கண்ணாடியை முதலில் ஹேர் டிரையரால் வெதுவெதுப்பாக்கி, சக்தியுள்ள சால்டரிங் அயர்னால் சில நொடியில் வைத்து எடுத்துவிடுங்கள். குளிர்ந்த கண்ணாடியில் ஒரே புள்ளியில் அயர்னை அழுத்திக்கொண்டே இருந்தால், பதப்படுத்திய கண்ணாடி என்பதால் மொத்தமும் பொடியாக உதிரலாம். கை பழகாதவர்கள் கரன்ட் கடத்தும் எப்பாக்ஸி வாங்கி, கிட்டில் சொன்ன நேரம் வரை டேப் போட்டு அழுத்தி வைப்பது நல்லது.

கோடுகள் தானாக அறுவது குறைவு, நம் கைதான் அறுக்கிறது. 2012-ல் உச்ச நீதிமன்றம் கார் கண்ணாடிகளில் கூலிங் பேப்பர் ஒட்டக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னபோது, ஊர் முழுக்க பிளேடு வைத்து உரித்தார்கள். எத்தனையோ பின்கண்ணாடிகளில் கோடுகளும் பேப்பரோடு போயின. பழைய வண்டி வாங்குகிறவர்கள் பின்கண்ணாடியில் பசைத் தடமோ கீறலோ இருந்தால் மூச்சுச் சோதனையைச் செய்துவிட்டு விலை பேசுங்கள். இப்போதும் ஸ்டிக்கர் எடுக்க வேண்டியிருந்தால் வெந்நீர்த் துணியை ஒற்றி ஊறவைத்து, கோடு போகும் திசையிலேயே மெதுவாக உரியுங்கள். துடைப்பதும் குறுக்காகத்தான், மேலும் கீழுமாக வேண்டாம். மார்கழி, தை மாதங்களில் ஊட்டிப் பக்கம் உறைபனி பிடித்த கண்ணாடியில் கொதிநீர் ஊற்றுவதை நிறுத்துங்கள். பட்டனை அழுத்திவிட்டு டைமர் அணையும்வரை காத்திருங்கள், போதாவிட்டால் இன்னொரு முறை அழுத்துங்கள். கூடவே ஏசியையும் போட்டால் உள்ளே இருக்கும் ஈரம் வற்றி, தெளிந்த கண்ணாடி திரும்ப மங்காமல் நிற்கும்.